சோழவரத்து மணி

சோழவரம் என்ற பெயரைப் படிக்காமல் மெட்ராஸ்காரர் யாரும் காலைக் காப்பியை முடிப்பதில்லை. பேப்பரில் ஒரு மூலையில் சின்னதாகக் கட்டம் போட்டிருப்பார்கள், பாருங்கள்... பூண்டி இவ்வளவு, சோழவரம் இவ்வளவு, புழல் இவ்வளவு, செம்பரம்பாக்கம் இவ்வளவு என்று! அந்தச் சோழவரம்தான். ஏரி நிரம்பினால் 1,081 மில்லியன் கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். மீதிக் கணக்கை ஆபீஸ் கால்குலேட்டரில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பூண்டியிலிருந்து வருகிற தண்ணீரை வாங்கிப் புழலுக்குத் தள்ளிவிடுகிற தரகர் வேலை இந்த ஏரிக்கு. 2019 கோடையில் தரகர் கையிலேயே ஒன்றும் இல்லாமல் போய், ஏரிக்குள் தரை வெடித்துக் கிடந்தது.

உங்கள் அப்பாவைக் கேட்டால் ஏரியைச் சொல்ல மாட்டார். "ரேஸ்!" என்பார். இரண்டாவது உலக யுத்தக் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இங்கே உண்டு. யுத்தம் முடிந்து விமானங்கள் போனபிறகு அதில் காரும் பைக்கும் ஓட்டினார்கள். 1953ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய சோழவரம் ரேஸுக்கு பம்பாய், கல்கத்தா என்று எங்கெங்கிருந்தோ ஆள் வருவார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்ததும் சோழவரம் அடங்கிவிட்டது.

அடங்கியது ரேஸ்தான். சத்தம் அடங்கவில்லை. ஜி.என்.டி. ரோடு ஊரை ஒட்டிப் போகிறது. கிராண்ட் நார்தர்ன் டிரங்க் ரோடு, முன்பு என்.எச். 5, இப்போது நம்பரை மாற்றி 16. நேராகப் போனால் கல்கத்தா. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் காரனோடைப் பாலம், தச்சூர், கும்மிடிப்பூண்டி சிப்காட். ராத்திரி பகல் என்று பார்க்காமல் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டே இருக்கும். ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் வயல் இருந்த இடங்களில் இப்போது தகரக் கூரை குடோன்கள். அதில் ஒன்றில் எனக்கு டிஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம் சார், வேலை வேண்டும்.

எங்கள் குடோனில் சம்பளப் பட்டியலில் இல்லாத ஊழியர் ஒருவர் உண்டு. பெயர் மணி. ஏரிக்கரையில் பிறந்த சுத்த நாட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. ஆறு வயசு. (தமிழ்நாட்டில் பாதி நாய்க்கு மணி என்றுதான் பெயர். மீதிப் பாதிக்கு டைகர்.) ஆனால் இந்த மணிக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. அது நிஜமாகவே மணி. காலிங் பெல்!

எங்கள் செக்யூரிட்டி தாத்தாவுக்குக் காது கேட்காது.

மொத்தமாகக் கேட்காது என்றில்லை. லாரி ஹாரன் ரொம்பக் கிட்டத்தில் அடித்தால் கேட்கும். செல்போன் மணி, கேட்டைத் தட்டுவது, "தாத்தா" என்று கூப்பிடுவது, ஊஹூம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரோலிங் மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பழுத்த இரும்பு உருளைக்குள் போய் வருகிற சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் தெரியும். 90 டெசிபலுக்கு மேல் எட்டு மணி நேரம் ஆளை நிறுத்தக்கூடாது என்று விதி எழுதினார்கள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் சத்தத்தால் காது போவதையும் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். பட்டியலைத் தாத்தா பார்த்ததில்லை. பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார். இந்த மாதிரிப் போகிற காதில் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகும் என்கிறார்கள். தாத்தாவுக்கு முதலில் போனது சைக்கிள் பெல்லாம். அப்புறம் பேத்தியின் குரல்.

பகலில் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். 2020ல் ஊரெல்லாம் மாஸ்க் போட்டபோது மனுஷர் தவித்துப்போய்விட்டார். ராத்திரிக்கு மணிதான். கேட் பக்கத்துக் கேபினில் தாத்தா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், இடது கை மணியின் முதுகில் இருக்கும். கேட்டில் யாராவது வந்தால் மணி முதலில் குரைக்காது, உறுமும். உறுமல் தாத்தாவின் உள்ளங்கையில் தெரியும். லாரி என்றால் மூக்கால் முழங்காலை இரண்டு இடி. பாம்பு என்றால் எழுந்து கேபின் வாசலில் குறுக்கே நின்றுகொள்ளும். யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. இங்கிலாந்தில் காது கேளாதவர்களுக்கு நாய் பழக்கிக் கொடுக்க 1982லிருந்து ஒரு சங்கமே இருக்கிறதாம். நம்ம மணி தானாகவே படித்துப் பாஸ் பண்ணிய பிரைவேட் கேண்டிடேட்.

இந்த ஏற்பாடு எங்கள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். தாத்தாவை வைத்திருப்பது ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி. அவர்களுடைய சூப்பர்வைசர் திடீர் திடீரென்று ராத்திரி இரண்டு மணிக்குப் பைக்கில் வந்து கேட்டில் டார்ச் அடிப்பார். மூன்று நிமிஷத்தில் ஆள் வந்து சல்யூட் வைக்காவிட்டால் ரிப்போர்ட். இரண்டு ரிப்போர்ட் வந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆறு வருஷமாகத் தாத்தா பெயரில் ரிப்போர்ட் இல்லை.

போன வருஷம் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நான் உள்ளே நுழையும்போதே தாத்தா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, மணி ரெண்டு நாளா சோறு துன்னல. இப்ப மூக்குல ரத்தம் வருது தம்பி."

கேபினுக்குள் கோணி மேல் மணி படுத்திருந்தது. மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து ரத்தம் சொட்டிச் சொட்டி சிமென்ட் தரையில் கோடு போட்டிருந்தது. வால் மட்டும் ஒரு தடவை தரையைத் தட்டிற்று. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சிவப்பாக இருக்க வேண்டும் இல்லையா? காகிதம் மாதிரி இருந்தது.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். யாரோ அடித்திருக்கிறான் என்றார் ஒருவர். எலி மருந்து என்றார் இன்னொருவர். லோடுமேன் ஒருவன், "அண்ணே, உடம்பு சுடுது. ஒரு பாராசிட்டமால் குடுத்துரலாமா?" என்று சட்டைப் பையிலிருந்தே எடுத்தான். தாத்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது நல்லதாயிற்று. மனுஷனுக்குக் காய்ச்சலும் வலியும் போக்குகிற மாத்திரைகள் நாய்க்குப் பெரும்பாலும் விஷம் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரொஃபென் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். ஏற்கெனவே ரத்தம் கசிகிற நாய்க்கு அதைக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் காதுக்குப் பின்னாலும் கால் விரல் இடுக்கிலும் விலக்கிப் பார்த்தார். மிளகு சைஸில் இரண்டு உண்ணி. ஒரு ஊசி போட்டார். "இது இங்க முடியாது. ரத்தம் ஏத்தணும் போலிருக்கு. வேப்பேரிக்குக் கொண்டுபோங்க, இப்பவே" என்றார்.

குட்டி யானை ஒன்று பிடித்தோம். பின்னால் கோணி விரித்து மணி, பக்கத்தில் தாத்தா, நானும் லோடுமேனும். சோழவரத்திலிருந்து வேப்பேரிக்கு சுமார் 25 கிலோமீட்டர். டைம்பாஸுக்குப் போகும்போது நல்ல ரோடு அது. செங்குன்றத்தில் ரைஸ்மில் வாசலில் நெல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், இடது பக்கம் பார்த்தால் தவிட்டு வாசனை, வலது பக்கம் புழல் ஏரிக் காற்று. அப்புறம் புழல் ஜெயில், காவாங்கரை, மாதவரம் ரவுண்டானா, மூலக்கடை. அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் தாத்தா மணியின் விலாவில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு சத்தம் அவருக்குக் கேட்காது. கைதான் காது.

பெரம்பூர் பேரக்ஸ் ரோடு, டவுட்டன், வேப்பேரி. மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ல் இருபது மாணவர்களோடு ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நோவா கப்பல் கரை தட்டிய மாதிரி இருக்கும். பாரசீகப் பூனை, மடி வீங்கிய ஆடு, கால் நொண்டுகிற குதிரை, கூண்டுக் கிளி, கைப்பையில் முயல். ஏ.சி. காரில் வந்த ஹஸ்கியும் மீன்பாடி வண்டியில் வந்த தெரு நாயும் ஒரே பெஞ்சுக்குக் கீழே. நாய்க்காரர்களுக்குள் ஜாதி மத பேதம் கிடையாது. "உங்களுக்கு என்ன சார்?" "வாந்தி. உங்களுக்கு?" "கால்ல ஃபிராக்சர்" என்று பேசிக்கொள்வார்கள். யாருக்கு என்று தனியாகச் சொல்வதில்லை!

சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு சிக்கல். "ஓனர் பேர்?"

நான் கம்பெனி பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். கம்பெனி என்றால் கையெழுத்து யார் போடுவது, பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? தாத்தா என் உதட்டையும் அந்த அம்மாவின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன கேள்வி என்று புரிந்துவிட்டது. தன் பெயரைச் சொன்னார். சத்தமாக. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாதே, ஹாலே திரும்பிப் பார்த்தது.

ரத்தப் பரிசோதனை வந்தது. டெங்கு புண்ணியத்தில் தமிழ்நாட்டில் பிளேட்லெட் தெரியாதவர் யாருமில்லை. நாய்க்கு அது குறைந்தபட்சம் இரண்டு லட்சமாவது இருக்கவேண்டும். மணிக்குப் பதினாலாயிரம். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டியது, நாலு.

"உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா" என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். "ஒரு கிருமி. உண்ணி கடிக்கும்போது உள்ள போகும். ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வரும், சில நாய்க்குத் தானாவே போன மாதிரி இருக்கும். போகாது. மாசக்கணக்கா உள்ளேயே உட்கார்ந்திருந்து, ஒருநாள் எலும்பு மஜ்ஜையைப் பிடிக்கும். அந்தக் கட்டம்னா கஷ்டம். இது முதல் கட்டமா கடைசிக் கட்டமான்னு மருந்து குடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

நான் தாத்தாவுக்கு உதட்டசைத்துச் சொன்னேன். முதல் பாதியை மட்டும்.

"பட்டாளத்து நாய்ங்களையே காலி பண்ணின வியாதி இது" என்று அவர் போகிற போக்கில் சொன்னது என் மண்டையில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்தக் கிருமியை அல்ஜீரியாவில் 1935ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அப்புறம் ரொம்ப நாள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1963ல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் மூக்கில் ரத்தம் கொட்டிச் செத்தன. அதற்குச் சில வருஷத்தில் வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் அல்சேஷன்கள். குண்டு வைத்த இடத்தையும் ஒளிந்திருக்கும் ஆளையும் மோப்பம் பிடிப்பதற்காகக் கொண்டுபோன நாய்கள். நூற்றுக்கும் மேலே இந்த ஒரே வியாதியில் போயின. எதிரி சுட்டு இல்லை, உண்ணி கடித்து! அப்புறம்தான் ஆராய்ச்சி சூடு பிடித்தது. டெட்ராசைக்ளின் மருந்தைத் தினமும் கொஞ்சம் கொடுத்து மற்ற நாய்களைக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு மணிக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அந்த மருந்தின் தம்பி.

காப்பாற்றிய நாய்களை என்ன செய்தார்கள் என்று படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. வியட்நாமில் வேலை பார்த்தவை சுமார் நாலாயிரம் நாய்கள். ஊர் திரும்பியவை சுமார் இருநூறு. மீதியில் யுத்தத்திலும் வியாதியிலும் செத்தவை போக, மற்றவற்றை அங்கேயே விட்டார்கள், அல்லது ஊசி போட்டு முடித்தார்கள். ராணுவத்தின் கணக்குப் புத்தகத்தில் நாய் என்பது ஒரு சாமான். ஜீப் மாதிரி, கூடாரம் மாதிரி. வியாதியை ஊருக்குக் கொண்டுவந்துவிடும் என்று ஒரு காரணம் வேறு. ஓய்வு பெற்ற ராணுவ நாயை வளர்த்தவரே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 2000 நவம்பரில். அதே நவம்பரில்தான் பம்பாய் போலீஸின் சஞ்சீர் செத்தது. 1993 குண்டுவெடிப்புகளின்போது 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸை மோப்பம் பிடித்துக் கொடுத்த லேப்ரடார். எலும்பில் புற்றுநோய், எட்டு வயசு. பூ வைத்து, போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். சாமான் என்று யாரும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்கள் தேவலை.

வேப்பேரிக்கு வருவோம். அங்கே நாய்களுக்கென்றே ரத்த வங்கி உண்டு. ஆனால் வங்கி என்றால் யாராவது போட்டால்தானே எடுக்க முடியும்? "தெரிஞ்ச நாய் ஏதாவது இருக்கா? இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல, ஒரு வயசுலேர்ந்து எட்டு வயசுக்குள்ள, தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கணும்" என்றார் டாக்டர்.

எனக்கும் லோடுமேனுக்கும் ஒரே சமயத்தில் ஒரே பெயர் தோன்றியது. இருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெயர் ராக்கி.

ராக்கி எங்கள் பக்கத்து டிரான்ஸ்போர்ட் கம்பெனி ராட்வீலர். 48 கிலோ. மணியின் ஜென்ம விரோதி. நடுவில் காம்பவுண்டு சுவர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இது, அரை மணி நேரம் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்ளும். இரண்டு தடவை சுவர் இடுக்கில் மூக்கை விட்டு ரத்தக் காயம். அந்த முதலாளிக்கும் எங்கள் மேனேஜருக்கும் லாரி நிறுத்துகிற தகராறு வேறு.

போன் போட்டேன். நெல்லூர்ப் பக்கத்து மனுஷர். விஷயத்தைச் சொன்னதும் பத்து செகண்ட் சத்தமே இல்லை. "எவுரு, மணியா? அந்தப் பொறுக்கியா?" என்றார். அப்புறம், "எங்க வரணும், சொல்லு" என்றார்.

ஒன்றரை மணி நேரத்தில் ஸ்கார்ப்பியோவில் ராக்கி வந்து இறங்கியது. முதலில் அதற்கு ரத்தப் பரிசோதனை. உண்ணிக் கிருமி இருக்கிற நாயிடம் ரத்தம் வாங்கிப் பிரயோஜனமில்லை. பாஸ். மேஜை மேல் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்து நரம்பில் ஊசி. முதலாளி அதன் தலையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் தாலாட்டுகிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். 350 மில்லி. நாய்க்கும் ரத்த குரூப் உண்டு. ஆனால் மனுஷனைப் போல அடுத்த குரூப்புக்கு எதிரான சமாசாரம் பிறவியிலேயே பலமாக இருப்பதில்லை என்பதால் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் வம்பு வருவதில்லையாம். இரண்டாவது தடவைதான் பார்த்துச் செய்ய வேண்டும். (வரலாற்றில் முதன்முதலாக ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு ரத்தம் போனதே நாய்க்கு நாய்தான். 1660களில் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயர் என்ற டாக்டர் செய்தார்.)

ராக்கியின் ரத்தம் சொட்டுச் சொட்டாக மணிக்குள் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. தாத்தா பையைப் பார்க்கவேயில்லை, ஈறைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லேசாக, ரொம்ப லேசாக, ரோஸ்.

"இனிமே மருந்து. இருபத்தெட்டு நாள். ஒருநாள்கூட விடக்கூடாது" என்றார் டாக்டர். "வெறும் வயித்துல வேணாம். பால்ல கலந்து குடுக்காதீங்க, மருந்து சரியா ஏறாது." தாத்தா அதை இட்லிக்குள் வைத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டார். மூன்றாம் நாள் மணி இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தனியாகத் துப்பியது. நான்காம் நாள் கெட்டிச் சட்னி சேர்த்ததும் ஏமாந்தது.

அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிட்டோம். பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது. மணி உயிரோடு இருக்கிறது; ஆனால் டியூட்டியில் இல்லை. கோணியில் கண்ணை மூடிக் கிடக்கிறது. தாத்தா கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் எந்தச் செய்தியும் வராது. கேட்டில் டார்ச் அடித்தால்?

லீவு போடச் சொன்னோம். ஏஜென்சியில் லீவு போட்டால் வேறு ஆள் வருவான், அப்புறம் அவனே நிரந்தரம் என்றார். சரி என்று நாங்கள் நாலு பேர் முறை போட்டுக்கொண்டோம். ராத்திரி ஒருத்தர் குடோனுக்குள் மூட்டை மேல் படுக்கிறது. ஒரு நைலான் கயிறு. ஒரு முனை நம் கையில், மறுமுனை ஜன்னல் வழியாகத் தாத்தா மணிக்கட்டில். யாராவது வந்தால் இழு. இரண்டு இழுப்பு என்றால் லாரி, மூன்று என்றால் சூப்பர்வைசர்.

சார், சொல்வதற்கு சுலபம். ஏரிக்கரைக் கொசு என்றால் வீட்டுக் கொசு மாதிரி இல்லை, அது ராணுவக் கொசு. தகரக் கூரை பகல் வெயிலை ராத்திரி ஒரு மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக நம் தலையில் திருப்பிக் கொடுக்கும். ரோட்டில் ஒவ்வொரு டிரெய்லர் போகும்போதும் நம்ம கேட்டுக்கா என்று திடுக்கிட வேண்டியது. முதல் ராத்திரி எங்கள் பில்லிங் கிளார்க் பதினொரு தடவை தப்பாக இழுத்தான். தாத்தா பதினொரு தடவையும் எழுந்து போய் ஆளில்லாத ரோட்டுக்கு சல்யூட் வைத்துவிட்டு வந்தார். இரண்டாவது ராத்திரி லோடுமேன் தூங்கியே போனான்; நல்லவேளை யாரும் வரவில்லை. பி.காம். படித்தவர்கள் இரண்டு பேர், டிப்ளமோ ஒருத்தன், எட்டாம் கிளாஸ் ஒருத்தன், நாலு பேர் சேர்ந்தும் ஒரு நாட்டு நாயின் ஷிப்டைப் பார்க்க முடியவில்லை!

பகலில் வேறு வேலை. டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நாய் மேல இருக்கறது கொஞ்சம்தான். மீதி உங்க சுவத்துல இருக்கு." பழுப்பு உண்ணி வாழ்நாளில் பெரும் பகுதியை நாய்க்கு வெளியேதான் கழிக்கிறது. வயிறு நிறையக் குடித்ததும் இறங்கி, சுவர் ஏறி, விரிசலில் போய் முட்டை வைக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் வைக்கும். ரத்தம் கிடைக்காமல் மாசக்கணக்கில் காத்திருக்கவும் தெரியும். கேபின் சுவரில் இருந்த விரிசல்களையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தோம். கோணியைக் கொளுத்தினோம். மருந்தடித்தோம். தாத்தாவுக்கு ஒரு புருவம் பிடுங்குகிற இடுக்கி வாங்கிக் கொடுத்தேன். கடையில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஐந்தாவது ராத்திரி என் முறை. மணி அன்றைக்குக் கஞ்சி குடித்திருந்தது, இரண்டு தடவை எழுந்து நின்று உட்கார்ந்தது. அவ்வளவுதான். இரண்டே கால் இருக்கும். ரோட்டில் பைக் சத்தம். ஆஃப் ஆகிற சத்தம். கேட் இடுக்கில் டார்ச் வெளிச்சம். சூப்பர்வைசர்!

கயிற்றைத் தேடினேன். இருட்டில் மூட்டைக்கு நடுவில் விழுந்துவிட்டிருந்தது. தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், தாத்தா எழுந்துவிட்டார். நான் இழுக்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டுகிறார், லத்தியை எடுக்கிறார், நேராகக் கேட்டுக்குப் போய் ஒரு சல்யூட். கோணி மேல் மணி படுத்தபடியே இருந்தது. தலையைத் தூக்கவில்லை. ஆனால் நிமிர்ந்த காது கேட் பக்கம் திரும்பியிருந்தது. ராத்திரியின் எல்லா லாரிச் சத்தத்துக்கும் அடியில், தண்ணீர் மோட்டார் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல். எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

சூப்பர்வைசர் உள்ளே வந்து டார்ச்சைச் சுற்றினார். காலில் பிளாஸ்திரியோடு படுத்திருந்த மணி மேல் வெளிச்சம் கொஞ்சம் நின்றது. அப்புறம் தாத்தா மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு. கயிறு வழியாகவே வெளிச்சம் ஜன்னலுக்கு ஏறி என் முகத்தில் வந்து நின்றது.

"நீங்க?"

"ஸ்டாக் டேக்கிங், சார்."

இரண்டே காலுக்கு! லுங்கியில்! மனுஷர் ஒன்றும் கேட்கவில்லை. ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது தாத்தா முகத்துக்கு நேராக வந்து நின்று, உதடு தெரிகிற மாதிரி நிறுத்தி நிதானமாக, "நாயைப் பார்த்துக்குங்க பெரியவரே" என்றார். எத்தனை வருஷமாக அவருக்குத் தெரியும் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இரண்டாவது வாரம் பிளேட்லெட் எழுபதாயிரம். இருபத்தெட்டாம் நாள் ஒரு லட்சத்து அறுபது. எலும்பு மஜ்ஜை வரை போகவில்லை, முதல் கட்டம்தான் என்றார் டாக்டர். ஆனாலும் ரத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். உண்ணி மறுபடி கடித்தால் மறுபடியும் வரும், ஒரு தடவை வந்தது காப்பாகாது. டிஸ்பாட்ச் போர்டில் லாரி நம்பர்களுக்குக் கீழே மணியின் கணக்கைச் சாக்பீஸில் எழுதி வைக்கிறோம். டிரைவர்கள் ஏரி நீர்மட்டம் கேட்கிற மாதிரி, "இந்த மாசம் எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஹைதராபாத் டிரைவர் ஒருவர் லட்சத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நாயின் சம்பளம் என்று நினைத்துக்கொண்டாராம்.

செலவுக்கு வவுச்சர் எழுதினேன். மேனேஜர் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எந்த ஹெட்ல போடறது?" செக்யூரிட்டி செலவு என்று போட்டால் ஏஜென்சி பில்லோடு குழம்பும். ஸ்டாஃப் வெல்ஃபேர் என்றால் ஆடிட்டர் பெயர் கேட்பார். கடைசியில் 'ரிப்பேர் அண்ட் மெயின்டனன்ஸ்' என்று எழுதிப் பாதியைப் பாஸ் பண்ணினார். மீதிப் பாதியை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். தாத்தா தன் பங்கு என்று நூறு நூறாக ஐந்து மாசம் கொடுத்தார், வாங்க மாட்டேன் என்றால் கேட்கவில்லை. காது கேட்காததில் அவருக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

காதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கலாமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "மெஷின் சத்தத்துலதான் தம்பி காதே போச்சு" என்றுவிட்டு, இடுக்கியை எடுத்துக்கொண்டு மணியின் விரல் இடுக்கைத் தேடப் போய்விட்டார். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த வேலை. ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். ஆறு மணிக்கு மணி சுவர் பக்கம் போய்விடும், ராக்கியோடு சண்டை. பழையபடி அதே கெட்ட வார்த்தைகள். நன்றியாவது, மண்ணாவது.

அடுத்த ரத்தப் பரிசோதனை பதினைந்தாம் தேதி. குட்டி யானைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். தடுப்பூசிக்கு ராக்கியையும் அதிலேயே ஏற்றிவிடலாமா என்று நெல்லூர்க்காரர் கேட்கிறார். இரண்டையும் ஒரே வண்டியில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இப்போது குடோனில் பேச்சு.